பழைய தடம்

2024இல் ஒரு பிற்பகல். கூமாப்பட்டியில் பெரியத்தாவின் தென்னந்தோப்புக் கிணற்றடியில் அமர்ந்து நாளிதழ் படித்துக்கொண்டிருந்தோம். கொச்சியிலிருந்து கோவை வழியே கரூர் செல்லும் எண்ணெய்க் குழாயின் தடத்திலேயே, இருகூர் முதல் முத்தூர் வரை மற்றுமொரு குழாய் பதிப்பதை உழவர்கள் எதிர்க்கிறார்கள். சாலையோரமாகக் கொண்டுசெல்லக் கோருகிறார்கள் என்றது செய்தி.

"புதுத்தடம் என்றால் புதிதாகப் பலர் நிலம் பாதிக்கப்படும், பழைய தடமே நல்லதல்லவா?" என்றோம்.

"கொடுத்தவனே மறுபடியும் கொடுக்கவேண்டுமா, தம்பி?" என்றார் பெரியத்தா.

அக்கேள்வி நம்மை விடவில்லை. 1962ஆம் ஆண்டுச் சட்டப்படி நிலம் உரியவர் பெயரிலேயே இருக்கும். எடுக்கப்படும் பயன்பாட்டுரிமைக்கு ஈடு, சந்தை மதிப்பில் பத்தில் ஒரு பங்கு. ஆனால் அத்தடத்தின்மேல் வீடு கட்டலாகாது, கிணறு தோண்டலாகாது, மரம் நடலாகாது. கிணறும் மரமும் நீங்கினால் இத்தோப்பில் எஞ்சுவது யாது?

கொங்குநாட்டு வயல்கள் வழியே கெயில் எரிவாயுக் குழாய் வந்தபோது, அதனை நெடுஞ்சாலையோரம் கொண்டுசெல்லுமாறு 2013இல் தமிழக அரசு கூறிற்று. 2016இல் உச்சநீதிமன்றம் அதை ஏற்கவில்லை.

எண்ணெய் எல்லார்க்கும் வேண்டும். நாம் ஊர் திரும்பிய பேருந்தும் அதனால்தான் ஓடிற்று. ஆயின் பயன் எல்லார்க்கும், பாரம் ஒருசிலர்க்கே, அதுவும் இருமுறை என்பது நீதியாகுமா? புறப்படுமுன், நாம் சொன்னது அவசரப் பேச்சென்று பெரியத்தாவிடம் ஒப்புக்கொண்டோம்.