கடனும் குடிக்கூலியும்

அஞ்செட்டியிலிருந்து தேன்கனிக்கோட்டை வழியாய் ஓசூர் செல்வோர், ஆண்டுள்ள சிப்காட் தொழிற்பேட்டையைச் சூழ்ந்து வாடகை வீடுகள் நிரம்பியிருத்தலைக் காண்பர். சிறிய தந்தையாரது ஓசூர் மனையில் ஓரறை கட்டி, அதன் குடிக்கூலியால் எமது கல்விக் கடனைத் தீர்க்கலாமென்பது எந்தையார் எண்ணம். புளியும் கேழ்வரகும் விற்று அவர் பல்லாண்டு சேர்த்த பொருள் 4 இலட்சம் ரூபாய். எமது கடனும் அத்துணையே.

யாம் கணக்கிட்டு நோக்கினோம். படிப்பு முடிந்து ஓராண்டு வரை வங்கி தவணை கேளாது. ஆயினும் வட்டி ஏறிக்கொண்டேயிருக்கும். 100க்கு 10 வட்டியெனின் ஆண்டுக்கு 40,000 ரூபாய். அறையோ மாதம் 2,500 ரூபாய் ஈட்டினும் ஆண்டுக்கு 30,000 ரூபாயே. வீட்டு வரியும், பழுதுபார்க்குஞ் செலவும், குடியில்லா மாதங்களும் அதனின்று கழியும்.

"அறை நிலைத்த சொத்தன்றோ?" என்றார் எந்தையார். உண்மையே, விலையும் உயரலாம். எனினும் ஆலையில் வேலை குறையின் குடியிருப்போர் அகல்வர், வட்டி அகலாது. அன்றியும், 2019 முதல் நடைமுறையிலுள்ள தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்தல் வேண்டும். எழுபது கடந்தவர் அஞ்செட்டியிலிருந்து அதற்கெல்லாம் எத்துணை முறை அலைவார்?

ஆதலின், கடன்பட்டுக் கற்கும் நண்பர்காள்! வாடகை வட்டியினுங் குறைந்துழி, கடனைத் தீர்த்தலே முதல் வருவாய். அறை பின்னர் எழும். அன்று அது முழுதும் நமதாகும்.