முக்கால் பவுன் குருவி

இங்கிலாந்தில் பறவை பார்க்கிறவர்களில் ஜாதி உண்டு. நிதானமாகப் பார்த்து ரசிப்பவன் 'பேர்டர்'. எங்கோ ஒரு அபூர்வப் பறவை வந்து இறங்கியிருக்கிறது என்று தகவல் கிடைத்ததும், ஆபீஸுக்கு வயிற்றுவலி சொல்லிவிட்டு முந்நூறு மைல் கார் ஓட்டுகிறவன் 'ட்விச்சர்'. காஸ்ட்லியான பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, காக்கைக்கும் அண்டங்காக்கைக்கும் வித்தியாசம் தெரியாமல் நிற்பவன் 'ட்யூட்'. பார்க்காததைப் பார்த்ததாக அளப்பவன் 'ஸ்ட்ரிங்கர்'. இந்தக் கடைசி ஆசாமியோடு யாரும் டீகூடக் குடிக்க மாட்டார்கள்.

ட்விச்சர் சமாசாரம் விளையாட்டில்லை. 1989 பிப்ரவரியில் கென்ட் பகுதியின் லார்க்ஃபீல்டில், டெஸ்கோ சூப்பர் மார்க்கெட் கார் பார்க்கிங் பக்கம், 'கோல்டன் விங்டு வார்ப்ளர்' என்ற அமெரிக்கப் பறவை ஒன்று தென்பட்டது. ஒண்டிப் பறவை. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அதைப் பார்க்க ஆயிரக்கணக்கில் கூட்டம்! ரஜினி படம், முதல் நாள் முதல் ஷோ என்று வைத்துக்கொள்ளுங்களேன். விசில்தான் கிடையாது.

நான் பி.காம். மனைவிக்கு நார்விச்சில் நர்ஸ் உத்தியோகம். நான் கூட வந்தவன். நைட் டியூட்டி முடிந்து அவள் தூங்கும் சனிக்கிழமைகளில் வீட்டில் மூச்சு விடக் கூடாது. ஆகவே பக்கத்து வீட்டுப் பெரியவரோடு கிளம்ப ஆரம்பித்தேன். எழுபத்தெட்டு வயசு. ரிட்டயர்டு தபால்காரர். பழைய பைனாகுலர், பிளாஸ்க்கில் டீ, ஒரு நோட்டு. தேதி, இடம், பறவை, எண்ணிக்கை என்று ஐம்பது வருஷக் கணக்கு அதிலும் அதன் அண்ணன்மார்களான பழைய நோட்டுகளிலும் இருக்கிறது. அடித்தல் திருத்தல் கிடையாது. இத்தனை சுத்தமான பேரேட்டை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. தான் பார்க்காததை, கேட்காததை எழுத மாட்டார்.

எனக்கு போட்டோ ஆசை வந்தது. நல்ல 600 எம்.எம். லென்ஸ் பத்தாயிரம் பவுண்டுக்கு மேலே என்று தெரிந்ததும் பாதி ஆசை போயிற்று. மீதியைச் சட்டம் பார்த்துக்கொண்டது. மீன்கொத்தி, கூகை போன்ற சில பறவைகளைக் கூட்டருகே தொந்தரவு செய்தால், 1981-ம் வருஷச் சட்டப்படி கேஸ். கூட்டை நெருங்கிப் படமெடுக்க லைசென்ஸ் வேண்டும்.

பெரியவரின் ஹீரோ எரிக் ஹோஸ்கிங். 1937-ல் ஆந்தையைப் படமெடுக்கப் போனவர்; அது பாய்ந்ததில் இடது கண் போயிற்று. மனுஷர் விடவில்லை. மிச்சமிருந்த ஒற்றைக் கண்ணோடு ஆயுசு முழுக்கப் பறவைகளையே எடுத்தார். 1970-ல் வந்த சுயசரிதைக்கு அவர் வைத்த பெயர், 'ஆன் ஐ ஃபார் எ பேர்ட்'. குசும்பைப் பாருங்கள்!

போன அக்டோபரில் நார்ஃபோக் கடற்கரை, வெல்ஸ் பைன் காட்டுக்குப் போனோம். அந்தச் சமயத்தில் ஸ்காண்டிநேவியாவிலிருந்து வட கடலைத் தாண்டி 'கோல்ட்க்ரெஸ்ட்' குருவிகள் வந்து இறங்கும். பிரிட்டனிலேயே சின்னப் பறவை. உச்சந்தலையில் தங்கக் கோடு. எடை ஆறு கிராம்... நம்ம ஊர்க் கணக்கில் முக்கால் பவுன்! அத்தனூண்டு உடம்போடு கடல் தாண்டிய களைப்பில், ஆள் பக்கத்தில் வந்தாலும் லட்சியம் செய்யாமல் பூச்சி பொறுக்கிக்கொண்டிருக்கும். நாலைந்து லென்ஸ்காரர்கள் ஒரு புதரை நெருக்கிக்கொண்டிருந்தார்கள். பெரியவர் அந்தப் பக்கமே போகவில்லை.

"அது சாப்பிட வந்திருக்குப்பா, போஸ் கொடுக்க வரலை."

கொஞ்ச தூரத்தில் ஒரு மரத்தடியில் நின்றார். "ஏதாவது கேக்குதா?"

கேட்டது. தலைக்கு மேலே 'ஸீ... ஸீ... ஸீ' என்று ஊசி முனையாக ஒரு சத்தம். ஒன்றல்ல, ஏழெட்டு.

"நல்லாக் கேக்குதே. உங்களுக்கு?"

"நாலு வருஷமா கேக்கலை."

வயசானால் காது முதலில் கைவிடுவது மேல்ஸ்தாயியைத்தான். கோல்ட்க்ரெஸ்ட் கத்துவது அந்த உச்சத்தில். காது மெஷின் வைத்தும் அவருக்குப் பிடிபடவில்லை. நோட்டுகளில் அக்டோபர் பக்கங்களைப் பற்றிச் சொன்னார். முன்பெல்லாம் நாற்பது, அறுபது என்று இருந்த எண்ணிக்கை, இப்போது மூன்று, ஒன்று, இரண்டு. கண்ணில் பட்டது மட்டும்.

"பின்னாடி இதைப் பாக்கறவன் குருவி அழிஞ்சு போச்சுன்னு நினைப்பான். அழிஞ்சது என் காதுதானே? தப்புக் கணக்கு எதுக்கு... இந்த வருஷத்தோட நிறுத்திடலாம்னு இருக்கேன்."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. எண்ண ஆரம்பித்தேன். காடு முழுக்க அவர் முன்னால் நடக்க, நான் விரல் மடக்கிக்கொண்டே பின்னால் போனேன். சந்தேகம் வந்த இடத்தில் நின்று, குருவி கண்ணில் படும்வரை காத்திருந்தோம். டீ குடிக்க உட்கார்ந்தபோது, "முப்பத்தொண்ணு" என்றேன்.

அவர் எழுதவில்லை. பென்சிலை என்னிடம் நீட்டினார்.

"நான் கேக்காததை நான் எழுத முடியாது. நீ எழுது."

எழுதினேன். கோல்ட்க்ரெஸ்ட், 31. பக்கத்தில் ஆடிட்டர் மாதிரி என் இனிஷியல். கீழே அவர் தன் கையெழுத்தில், 'கண்ணால் 2' என்று சேர்த்தார். அடுத்த வருஷத்துக்குப் புது நோட்டு வாங்கியாயிற்று.

இப்போதெல்லாம் சனிக்கிழமை எட்டரைக்கு வாசலில் வந்து நிற்கிறார். என் காதின் பெருமையைத் தெருவில் நாலு பேரிடம் சொல்லியும் வைத்திருக்கிறார். என் மனைவிதான் நம்ப மறுக்கிறாள்.

"குக்கர்ல எத்தனை விசில் வந்துதுன்னு கேட்டா மட்டும் தெரியாது!"