சித்தப்பா கடையைக் கூகுள் கண்டுபிடித்த கதை

வளைகுடாவில் வளர்ந்த நம்மில் பலருக்குச் சம்பளமில்லாத ஒரு வேலை சின்ன வயதிலேயே வந்து சேர்ந்துவிடும். ஆங்கிலக் கடிதம் வந்தால் படித்துச் சொல்வது, ஆப் இறக்கிக் கொடுப்பது, பாஸ்வேர்டு மறந்தால் மீட்டுத் தருவது. போன வருடம் எனக்கு வந்தது கொஞ்சம் பெரிய வேலை. "நம்ம கடை கூகுள்ல வரவே மாட்டேங்குதும்மா, என்னன்னு பாரேன்" என்றார் சித்தப்பா.

பர் துபாய் மீனா பஜாரில் அவருக்குச் சின்னதாக ஒரு தையல் கடை. பிளவுஸ், பட்டுப் பாவாடை, சேலைக்கு ஃபால்ஸ். பழைய வாடிக்கையாளர்கள் பலர் ஊருக்கே திரும்பிவிட்டார்கள். புதிதாக வருகிறவர்கள் பக்கத்து வீட்டில் விசாரிப்பதில்லை, போனில்தான் தேடுகிறார்கள். இங்கே கடை படுத்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். வருடா வருடம் டிரேட் லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டும். அது போனால் சித்தப்பா விசா, அதை நம்பியிருக்கும் சித்தி விசா, பத்தாவது படிக்கும் தம்பி விசா என்று வரிசையாகப் போகும்.

அந்த நேரத்தில் ஓர் ஏஜென்சி வந்தது. "பதினைந்தே நாளில் முதல் பக்கம், கேரண்டி" என்றார்கள். ஆயிரம் தளங்களிலிருந்து லிங்க் வாங்கித் தருவார்களாம். சித்தப்பா பணம் கட்டத் தயாராகிவிட்டார். "ஒரு வாரம் பொறுங்க சித்தப்பா" என்றேன்.

லிங்குக்கு ஏன் இவ்வளவு மதிப்பு? 1998-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் லாரி பேஜும் செர்கே பிரின்னும் முன்வைத்த பேஜ்ரேங்க் என்ற யோசனைதான் காரணம். நம் வீடுகளில் மாப்பிள்ளை பார்ப்பது போலத்தான் அது. மாப்பிள்ளை தன்னைப் பற்றிச் சொல்வது எடுபடாது. மற்றவர்கள் சொல்வதுதான் எடுபடும். சொல்பவர் ஊரில் மதிப்புள்ளவர் என்றால் அவர் பேச்சுக்கு எடை அதிகம். ஒரு பக்கத்துக்கு இன்னொரு பக்கம் தரும் லிங்க், அப்படி ஒரு நல்ல வார்த்தை.

காசு கொடுத்து நல்ல வார்த்தை சொல்ல வைத்தால்? 2011 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் இதை எழுதியது. அமெரிக்காவின் ஜேசி பென்னி கடைக்குச் சம்பந்தமே இல்லாத ஏராளமான தளங்களில் லிங்க் போடப்பட்டிருந்தது. விஷயம் தெரிந்ததும் கூகுள் அதைப் பின்பக்கங்களுக்குத் தள்ளிவிட்டது. 2012 ஏப்ரலில் 'பெங்குயின்' என்ற மாற்றத்தைக் கொண்டுவந்து இந்த வித்தையைப் பரவலாகவே பிடித்தது. பெரிய கடை அந்த அடியைத் தாங்கும். தையல் கடை தாங்காது. முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது. அதைக் காட்டியதும் சித்தப்பா பர்ஸை உள்ளே வைத்தார்.

பிறகு வேலையைத் தொடங்கினோம். அக்கம்பக்கக் கடைகளைக் காட்டும்போது கூகுள் முக்கியமாக மூன்றைப் பார்க்கிறது: தேடியதற்குப் பொருத்தமா, எவ்வளவு தூரம், எவ்வளவு பெயர் பெற்றது. தூரத்தை மாற்ற முடியாது. மற்ற இரண்டும் நம் கையில்.

கடையின் தளத்தில் 'உலகத் தரமான ஆடை வடிவமைப்புத் தீர்வுகள்' என்று ஆங்கிலத்தில் இருந்தது. எந்த அக்காவும் அப்படித் தேட மாட்டார். இரண்டு சனிக்கிழமை கடையில் உட்கார்ந்து, வருகிறவர்கள் கேட்டதை அப்படியே நோட்டில் எழுதினேன். "ஆரி வேலை செய்வீங்களா?" "நாளைக்கே கிடைக்குமா?" "பழைய பிளவுஸைப் பிரிச்சு லூஸ் பண்ண முடியுமா?" ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு பக்கம் எழுதினோம். தமிழில், ஆங்கிலத்தில், தங்கிலீஷில். கடையில் தைத்த துணிகளையே படம் எடுத்து, என்ன வேலை என்று கீழே குறித்தோம்.

திறக்கும் நேரத்தைப் பார்த்தால், 2022 ஜனவரியில் அமீரக வார விடுமுறை சனி, ஞாயிறுக்கு மாறியதற்கு முந்தைய கணக்கு அப்படியே இருந்தது. மாற்றினோம். 'ஜூஸ் கடைக்கு எதிரே' என்ற அடையாளத்தோடு, கட்டட வாசலில் இருக்கும் பத்து இலக்க மக்கானி எண்ணையும் சேர்த்தோம்.

மிச்சம் ரிவ்யூ. "நல்லா தைச்சிருக்கேன்னு எழுதுங்கன்னு நானே கேக்கணுமா?" என்று சித்தப்பா கூச்சப்பட்டார். சித்தி கேட்டார். தள்ளுபடி, பரிசு எதுவும் கிடையாது. அதற்கு விதியிலும் இடமில்லை. ஒருவர் 'தையல் அருமை, சொன்ன தேதிக்குத் தர மாட்டார்' என்று எழுதினார். அதையும் அழிக்கச் சொல்லவில்லை. சித்தப்பா இப்போது தேதியை ஒரு நாள் தள்ளியே சொல்கிறார்.

பலன் தெரிய மாதங்கள் ஆயின. வெறும் 'பிளவுஸ்' என்று தேடினால் இன்றைக்கும் பெரிய கடைகள்தான் முன்னால். 'ஆரி வேலை மீனா பஜார்' என்று தேடினால் சித்தப்பா கடை முதல் பக்கத்தில் வருகிறது. தீபாவளிக்கு முன் ஷார்ஜாவிலிருந்து ஒரு அக்கா தேடிப் பிடித்து வந்து, மூன்று பிளவுஸ் கொடுத்துவிட்டுப் போனார். லைசென்ஸும் புதுப்பித்தாகிவிட்டது. அடுத்த வருடத்தை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்.

உங்கள் வீட்டிலும் ஒரு மெஸ், சலூன், மளிகைக் கடை இருக்கலாம். இந்த வாரம் ஒரு நண்பரின் போனை வாங்கித் தேடிப் பாருங்கள். கடைப் பெயரைப் போடாதீர்கள், அது தெரிந்தவர்கள் தேடுவது. பசியோடு வரும் ஒரு புது ஆள் என்ன தட்டுவாரோ அதைத் தட்டுங்கள். வரவில்லையென்றால் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு கல்லாப்பெட்டி பக்கத்தில் போய் உட்காருங்கள்.