வலது கணுக்காலில் ஒரு வயலின்

கச்சேரியில் வயலின் வாசிப்பவரின் காலைத்தான் நான் முதலில் பார்க்கிறேன். தரையில் அமர்ந்து, வலது காலைச் சற்றே முன்னால் விட்டு, வயலினின் சுருள் தலையைக் கணுக்காலில் ஊன்றிக்கொள்கிறார்கள். மறுமுனை மார்பில் முட்டி நிற்கும். மேலைநாட்டுக் கலைஞர் அதைத் தாடைக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொள்வார். நம்முடைய முறையில் இருபுறமும் ஊன்றல் இருப்பதால், இடது கைக்குத் தாங்கும் வேலையே இல்லை. சுரங்களை அசைத்து இழைக்கும் கமகத்துக்கே முழுக்க அந்தக் கை. விரலில் துளி எண்ணெய் தொட்டுக்கொண்டால் ரிஷபத்திலிருந்து மத்திமம் வரை ஒரே விரல் வழுக்கி ஏறும், அதே வில்லில் இறங்கும்.

இந்த வாத்தியத்தை ஐரோப்பியரிடம் கற்று நம் சங்கீதத்துக்குக் கொண்டுவந்தவர் முத்துஸ்வாமி தீட்சிதரின் தம்பி பாலுஸ்வாமி தீட்சிதர். தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவுக்குத் திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் 1834-ல் தந்தத்தாலான வயலினைப் பரிசளித்தார். அத்தனை சீக்கிரம் அது நம்முடையதாகிவிட்டது.

சரளி, ஜண்டை, அலங்காரம், மூன்று காலத்தில் வர்ணம் எல்லாம் கையில் ஏறினால் பாதிப் படிப்புதான் முடிந்தது. மீதி காதில் இருக்கிறது. பக்கவாத்தியத்துக்கு ஒத்திகை கிடையாது. பாடகர் ராகத்தின் முதல் பிடியை எடுத்ததுமே நிழல்போல் பின்னால் போக வேண்டும். அவர் நிறுத்தியதும் அதே ராகத்தைத் தன் வழியில் சொல்ல வேண்டும், ஆனால் அவரைவிட நீட்டக் கூடாது. இத்தனை அடக்கத்தை எந்தப் பாடத்திட்டத்தில் எழுதுவது?

துவாரம் வெங்கடசாமி நாயுடுவை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும். 1893-ல் பெங்களூரில் பிறந்தவர். கண்பார்வை மிகவும் மங்கல். விஜயநகரம் மகாராஜா இசைக் கல்லூரியில் மாணவராகச் சேரப் போனவரின் வாசிப்பைக் கேட்டுவிட்டு, ஆசிரியராகவே வைத்துக்கொண்டார்கள் என்று சொல்வார்கள். அப்போது வயது இருபத்தாறு. 1936-ல் அங்கேயே முதல்வரானார். பாட்டுக்குத் துணையாக மட்டும் இருந்த வயலினை 1938-ல் வேலூரில் தனிக்கச்சேரியாக மேடையேற்றினார். 1941-ல் சங்கீத கலாநிதி பட்டம் பெற்றார். மேலைநாட்டு வயலின் மேதை யெஹூதி மெனுஹின் இவர் வாசிப்பைக் கேட்டு வியந்தார். என்னை மயக்குவது பட்டங்களல்ல, வில்லை அழுத்தாமல் அவர் எழுப்பும் அந்த நீண்ட, மெல்லிய நாதம். பழைய ஒலிப்பதிவின் கரகரப்பையும் மீறி அது கேட்கிறது.

மலேசியாவில் எங்கள் ஊரான ஆயர் ஈத்தாமில் சபா இல்லை. குளுவாங்குக்கும் பத்து பகாட்டுக்கும் இடையில் இருக்கும் எங்களுக்குக் கச்சேரி என்றால் கோயில் திருவிழா, இல்லையென்றால் ஒரு மணி நேரம் காரோட்டி ஜொகூர் பாரு. திருவிழா மேடைகளில் பாடகரின் மைக்கும் மிருதங்கத்தின் மைக்கும் முழங்க, வயலின் அடியில் அமுங்கிப்போவதைப் பலமுறை பார்த்துவிட்டேன். பல வருடச் சாதகம் யார் காதிலும் விழாமல் போகிறது.

கோயில் நிர்வாகத்தாரே, வயலினுக்கு நல்ல மைக் ஒன்று வையுங்கள். கேட்க வருபவர்களே, பாடகர் ஆலாபனையை நிறுத்தியதும் காப்பிக்கு எழாதீர்கள். ராகம் அப்போதுதான் வயலின்காரர் கைக்கு வருகிறது.