நாமாவுக்குப் பதின்மூன்று உரைகள்

ஜாக்குலின் கேரியின் ‘குஷியேல்ஸ் டார்ட்’ 2001இல் வந்த மிகுபுனைவு நாவல். அதில் தெர் தாஞ்ச் என்றொரு நாடு, பிரான்சின் சாயலில். அங்கே வழிபடப்படுகிறவன் எலுவா. அவனோடு நாடுநாடாக அலைந்த துணைவர்களில் ஒருத்தி நாமா, இன்பத்தின் தெய்வம். பெர்சிஸில் எலுவா சிறைப்பட்டபோது அவனை மீட்க மன்னனோடு ஓரிரவு படுத்தவள். போதிஸ்தானில் அவன் பசித்தபோது முகம் தெரியாதவர்களோடு படுத்து, அந்தக் காசில் அவனுக்குச் சோறு போட்டவள். போதிஸ்தான் வேறெதுவுமில்லை, நம் இந்தியாதான்.

நாமாவின் அடியார்கள் கணிகையர். அவர்களில் ஆண்களும் உண்டு. தலைநகரில் அவர்களுக்குப் பதின்மூன்று இல்லங்கள். நாமா ஏன் அப்படிச் செய்தாள் என்பதற்கு ஒவ்வோர் இல்லமும் ஒரு காரணம் வைத்திருக்கிறது. நாணி நடுங்கிக்கொண்டே போனாள் என்கிறது ஒன்று. இரக்கம் என்கிறது இன்னொன்று. சுகம், வேறு காரணமே வேண்டாம் என்கிறது மல்லிகை இல்லம். திருக்குறளுக்குப் பழைய உரைகாரர் பதின்மர் என்று வகுப்பில் சொல்லிச் சொல்லிப் பழகியவள் நான். இவளுக்கு மூன்று பேர் அதிகம்! மூலத்துக்குரியவளோ வாய் திறப்பதில்லை. இந்தக் கதையைச் சொன்னபோது மாணவி ஒருத்தி கேட்டாள்: “அவளும் சாப்பிட்டாளா மேடம்?”

இங்கே வற்புறுத்தல் தெய்வக் குற்றம். அடியாரின் சம்மதம் இல்லாமல் ஒப்பந்தம் கிடையாது. கட்டிலில் இருக்கும்போதும் ஒரு சொல் சொன்னால் எல்லாம் நின்றுவிட வேண்டும். நம் வீடுகளில் எத்தனை கட்டில்களுக்கு அந்தச் சொல் வாய்த்திருக்கிறது?

ஆனால் கதைசொல்லி ஃபெத்ராவைப் பெற்றவர்களே நான்கு வயதில் ஓர் இல்லத்துக்கு விற்றுவிட்டார்கள். அன்று அவளிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. வளர்த்த செலவு, பயிற்சிச் செலவு எல்லாம் அவள் தலையில் கடனாக ஏறுகிறது. ஒப்பந்தப் பணம் அவளை வைத்திருப்பவருக்கு. வருகிறவர் மனமுவந்து கொடுக்கும் பரிசு மட்டுமே அவளுக்கு. அந்தப் பரிசைக்கொண்டு முதுகில் கொஞ்சம் கொஞ்சமாகப் பச்சை குத்திக்கொள்கிறாள். சித்திரம் முடிந்தால் விடுதலை. கடன் தீர்ந்த ரசீதைத் தன் தோலிலேயே எழுதிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் சிறுமியாக ஒரு தாசி வீட்டில் ஒப்படைக்கப்பட்டவர்தான். 1936இல் அவர் எழுதிய ‘தாசிகள் மோசவலை’ நாவலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் கேரியைப் படித்தேன். ஃபெத்ராவுக்குத் தன் தெய்வத்தின் மேல் கோபமில்லை, காதல் இருக்கிறது. அம்மையார் இவளை எளிதில் விட்டிருக்கமாட்டார்.

இத்தனைக்கும் பிறகு மல்லிகை இல்லத்தின் உரையை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. ஒரு பெண் சுகத்துக்காகவே ஒன்றைச் செய்தாள் என்று சொல்லவும், அதைத் தெய்வச் செயலாக வணங்கவும் அங்கே ஒரு வீடு இருக்கிறதே. ஃபெத்ராவின் அம்மா அந்த வீட்டில் வளர்ந்தவள். மகளை விற்றவளும் அவள்தான்.