செம்மண் பாலையில் நீரைத் தேடி ஒரு பயணம்



அவுஸ்திரேலியா என்றதும் நம்மில் பலருக்கு சிட்னிப் பாலமும் கங்காருவுமே நினைவுக்கு வரும். அங்கே குடியேறிய நம் உறவினர் அனுப்பும் படங்களிலும் கடற்கரையும் மாடி வீடுகளும்தான் இருக்கும். ஆனால் அந்நாட்டின் நடுப்பகுதி முழுவதும் பரந்து கிடப்பது செம்மண் பாலை. நூறு கிலோ மீற்றர் ஓடினாலும் ஒரு வீட்டைக் காண முடியாத அந்தப் பூமியில் ஒரு காலத்தில் பாங்கோசை கேட்டது என்றால் நம்புவீர்களா?

அடிலெய்டில் வசிக்கும் என் மச்சானின் அழைப்பில், ஒரு ஜூலை மாத விடுமுறையில் நானும் மனைவியும் அங்கு சென்றிருந்தோம். ஜூலை அங்கே குளிர்காலம். பாலைக்குள் செல்ல ஏற்ற காலமும் அதுவே. கோடையில் அந்தப் பக்கம் போவது உயிரோடு விளையாடுவதாகும். நாங்கள் கடந்து சென்ற ஊடனடட்டா என்னும் சிற்றூரில் 1960 ஜனவரி 2ஆம் திகதி 50.7 பாகை வெப்பம் பதிவாகியிருக்கிறது.

புறப்படுமுன் அடிலெய்ட் நகரின் நடுவே லிட்டில் கில்பர்ட் வீதியிலுள்ள பள்ளிவாசலில் தொழுதோம். 1888, 1889ஆம் ஆண்டுகளில் கட்டப்பட்ட பள்ளி இது. நான்கு மினாராக்களும் 1903இல் சேர்க்கப்பட்டவை. பாலையில் ஒட்டகம் ஓட்டிப் பிழைத்தவர்களின் காசில் எழுந்த இல்லம் அது. ஆகவே எங்கள் பயணத்தின் முதல் தரிப்பிடம் அதுவாக அமைந்தது பொருத்தமே.

ஒட்டகக்காரர்களின் ஊர்

அடிலெய்டிலிருந்து வடக்கே ஏறத்தாழ 680 கிலோ மீற்றரில் மரீ என்ற சிற்றூர் இருக்கிறது. தார் வீதி அங்கே முடிந்து கிரவல் பாதை தொடங்குகிறது. நம் நாட்டைப் போலவே அங்கும் வாகனங்கள் இடப்பக்கமாகவே ஓடுகின்றன. ஆனால் ஒற்றுமை அத்தோடு சரி. எதிரே ஒரு பாரவண்டி வந்தால் எழும் புழுதியில் பாதையே மறைந்துவிடுகிறது.

1860களிலிருந்து ஏறத்தாழ அறுபது ஆண்டுகளாக ஆப்கானிஸ்தான், பலூசிஸ்தான், பஞ்சாப், சிந்து ஆகிய இடங்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் ஒட்டகங்களோடு இந்நாட்டுக்கு வரவழைக்கப்பட்டனர். எந்த ஊராராக இருந்தாலும் வெள்ளையர் அவர்களை 'ஆப்கான்' என்றே அழைத்தனர். குதிரையும் மாடும் தாகத்தால் விழுந்த இடங்களில் ஒட்டகம் நடந்தது. 1872இல் முடிந்த தந்திக் கம்பி வேலைக்கும், ஆட்டுரோமப் பண்ணைகளுக்கும், சுரங்கங்களுக்கும் வேண்டிய மாவும் தேயிலையும் கம்பியும் இவர்களின் ஒட்டகங்களின் முதுகிலேயே சென்றன. இன்று அடிலெய்டிலிருந்து டார்வின் வரை ஓடும் 'கான்' புகையிரதத்தின் பெயர் இவர்களை நினைத்து வைக்கப்பட்டது என்பார்கள்.

மரீ ஊரைப் புகையிரதப் பாதை இரண்டாகப் பிரித்தது. ஒரு பக்கம் வெள்ளையர். மறுபக்கம் ஆப்கானியரும் பூர்வீகக் குடிகளும். மையவாடியிலும் அதே பிரிவினை. களிமண் சுவரும் கூரைப் புல்லுமாக இவர்கள் எழுப்பிய பள்ளியின் மாதிரி ஒன்று இன்று ஊருக்குள் நிற்கிறது. சிறிய இடம்தான். முன்னால் வுழுச் செய்ய ஒரு நீர்த்தொட்டி இருந்ததாம்.

பலூசிஸ்தானில் பிறந்த பெஜா தர்வேஷ் என்பவர் இவ்வூரில் வாழ்ந்து 1957இல் மௌத்தானவர். 1896இல் கல்வர்ட் ஆய்வுப் பயணக்குழுவுக்கு ஒட்டகம் நடத்தியவர். அக்குழுவின் தலைவர் வெல்ஸ் நன்றிக் கடனாகத் தன் திசைகாட்டியை அவருக்கு அன்பளிப்புச் செய்தார். அவருடைய மகன் ஜாக் 1939இல் சிம்ப்சன் பாலையைக் கடந்த மடிகன் குழுவில் ஒட்டகம் நடத்தினார். வழிகாட்டியவர்கள் இவர்கள். ஆயினும் வரைபடங்களில் எழுதப்பட்ட பெயர்களோ பெரும்பாலும் மற்றவர்களுடையவை.

மோட்டார் லொறி வந்ததும் பிழைப்புப் போயிற்று. ஒட்டகங்களை அழிக்க 1925இல் தென் அவுஸ்திரேலியாவில் சட்டமே வந்தது. வளர்த்த கையால் கொல்ல மனமில்லாத பலர் அவற்றைப் பாலையில் அவிழ்த்து விட்டனர். இன்று அங்கு திரியும் காட்டு ஒட்டகங்கள் அவற்றின் சந்ததியே.

மண்ணுக்கடியில் ஒரு சமுத்திரம்

மரீயிலிருந்து ஊடனடட்டா வழியாக மார்லா வரை செல்லும் பாதை சுமார் 620 கிலோ மீற்றர். பழைய புகையிரதப் பாதை, அதற்கு முன் ஒட்டகப் பாதை, அதற்கும் முன் பூர்வீகக் குடிகளின் நடைபாதை எல்லாம் ஒரே வரிசையில் செல்கின்றன. காரணம் என்ன? நீர்தான்.

இப்பாலையின் அடியில் 17 இலட்சம் சதுர கிலோ மீற்றர் பரப்பில் நிலத்தடி நீர் இருக்கிறது. அந்தக் கண்டத்தின் ஐந்திலொரு பங்கிற்கும் மேல் அது. கிழக்கே மலைகளில் பெய்த மழை மணற்கல் பாறையினூடே கசிந்து, இலட்சக்கணக்கான வருடங்கள் பயணம் செய்து, இங்கே அழுத்தத்தோடு ஊற்றாக வெளிவருகிறது. 'பப்ளர்' எனப்படும் ஊற்றில் மணல் சோற்றுப் பானைபோல் பொங்குவதைப் பிள்ளைகள் வாய் பிளந்து பார்த்தார்கள். அதில் இறங்கக் கூடாது. அவை அரபானா மக்களின் புனித இடங்கள். 2012இல் அந்நிலத்தின் மீது அவர்களுடைய உரிமையை நீதிமன்றம் ஏற்றது.

அருகிலுள்ள கவர்ட் ஸ்பிரிங்ஸ் என்ற இடத்தில் பழைய சிலிப்பர் கட்டைகளால் அமைத்த ஒரு சிறு தொட்டியில் குளிக்கலாம். சுற்றிலும் பேரீச்ச மரங்கள். அன்றிரவு அங்கேதான் கூடாரம் அடித்தோம். இரவில் குளிர் எலும்பைக் குடைந்தது. ஆனால் அந்த வானம்! மின்விளக்கு எதுவுமில்லாத இருளில் நட்சத்திரங்களைக் கண்ட என் மருமகள், "மாமா, இவ்வளவும் எங்கட ஊட்டுக்கு மேலயும் இருக்கா?" என்று கேட்டாள். இருக்கிறது மகளே, வெளிச்சம்தான் மறைக்கிறது என்றேன்.

ஊடனடட்டாவுக்கு வடக்கே ஏறத்தாழ 180 கிலோ மீற்றர் கரடுமுரடான பாதையில் சென்றால் டல்ஹவுசி ஊற்றுக்கள். சிம்ப்சன் பாலையின் விளிம்பில், மரங்கள் சூழ்ந்த ஒரு குளம். நீரின் வெப்பம் 34 முதல் 38 பாகை. அதிகாலைக் குளிரில் ஆவி பறக்கும் நீரில் இறங்கினால் சின்னஞ்சிறு மீன்கள் வந்து காலைக் கடிக்கும். பெண்கள் சுபஹுக்குப் பின் ஆளரவமற்ற வேளையில் சென்று நிம்மதியாகக் குளித்து வந்தார்கள். குடும்பத்தோடு செல்வோர் இதைக் கவனத்தில் கொள்ளலாம். பின்னேரம் நுளம்பு அதிகம் என்பதையும்தான்.

அங்கிருந்து திரும்பி மார்லா வழியாகத் தார் வீதியைப் பிடித்து அலிஸ் ஸ்பிரிங்ஸ் சென்றோம். அதற்கு மேற்கேயுள்ள மலைத்தொடரில் எலரி கிரீக் என்ற நீர்நிலை இருக்கிறது. செம்பாறைகளுக்கு நடுவே ஆழமான நீர். பார்க்க அழகு, ஆனால் கடுங்குளிர். திடீரெனக் குதித்தால் கை கால் விறைத்துவிடும். பிள்ளைகளைக் கரையோரத்தோடு நிறுத்திக்கொண்டோம். இன்னும் வடக்கே டார்வின் பக்கம் போவோர் முதலை எச்சரிக்கைப் பலகை பார்க்காமல் எந்த நீரிலும் இறங்கவே கூடாது.

தண்ணீர் என்னும் அமானிதம்

சுற்றுலா விளம்பரங்கள் குளிப்பதைத்தான் காட்டும். ஆனால் இப்பாதையின் வரலாறு தாகத்தின் வரலாறு. 1894இல் மேற்கு அவுஸ்திரேலியாவில் ஒரு நீர்நிலையருகே, ஆப்கானியர் அந்நீரில் கழுவினார்கள் என்ற தகராறில் துப்பாக்கி வெடித்தது, உயிர் போயிற்று. சுட்டவரை நீதிமன்றம் விடுதலை செய்தது. ஒரு தரப்புக்கு அது குடிநீர். மறு தரப்புக்கு அது வுழுவின் நீர். இரண்டும் தேவைதான். ஆனால் அங்கு தோட்டாவே தீர்ப்பாயிற்று.

அதை அறிந்த பின் எங்கள் வாகனத்தின் நீர்த்தொட்டியைப் பார்க்கும் பார்வையே மாறிவிட்டது. ஓர் ஆளுக்கு நாளொன்றுக்குப் பத்து லீற்றர் என்று கணக்கிட்டு, மேலும் சில நாட்களுக்கு மிகையாகவும் ஏற்றியிருந்தோம். அடுத்த ஊர் வரை அது குடிநீர். குடிக்க வேண்டிய நீர் மட்டுமே கைவசமிருக்கும்போது தயம்மும் செய்ய மார்க்கம் இடமளித்திருக்கிறது. ஓதிக் கொடுத்த பாடத்தை, செம்மண்ணில் கைகளை வைத்தபோது பிள்ளைகள் உண்மையாகவே கற்றார்கள். லுஹரையும் அஸரையும் சேர்த்துச் சுருக்கித் தொழுதோம். கிப்லா அங்கும் நமக்குப் போலவே மேற்கில், சற்று வடக்குச் சாய்ந்து இருக்கிறது.

உங்கள் பிள்ளைகளோ உறவினரோ அங்கிருந்து அழைத்தால் தயங்காமல் செல்லுங்கள். ஆனால் சிலவற்றை மறந்து விடாதீர்கள். மழை பெய்தால் மண் பாதைகள் மூடப்படும். மூடிய பாதையில் ஓட்டினால் தண்டம் உண்டு. மஃரிப் நெருங்கினால் ஓட்டத்தை நிறுத்துங்கள். கங்காருக்கள் பாதைக்கு வரும் நேரம் அது. செல்லும் வழியையும் திரும்பும் நாளையும் ஒருவரிடம் சொல்லி வையுங்கள். கைத்தொலைபேசி வேலை செய்யாத இடங்கள் அதிகம் என்பதால் செய்மதித் தொலைபேசி ஒன்றை எடுத்துச் செல்லுங்கள். 1928இல் தொடங்கிய பறக்கும் மருத்துவர் சேவை இன்றும் இயங்குகிறது; ஆனால் நீங்கள் இருக்குமிடம் தெரிந்தால்தானே விமானம் வரும்?

எல்லாவற்றையும் விட முக்கியமானது ஒன்று. வாகனம் பழுதாகி நின்றுவிட்டால் அதை விட்டு நடக்காதீர்கள். தேடி வருவோரின் கண்ணில் வாகனம் படும். தனியாக நடக்கும் மனிதன் படமாட்டான். உதவி தேடி நடந்து போனவர்கள் உயிரிழந்திருக்க, வாகனத்தின் நிழலில் காத்திருந்தவர்கள் பிழைத்திருக்கிறார்கள்.

மரீயைக் கடக்கும்போது அந்தச் சிறு பள்ளியருகே சற்று நில்லுங்கள். மனைவி மக்களை ஊரில் விட்டு வந்து, திரும்பிப் போக முடியாமல் அந்த மண்ணிலேயே அடங்கியவர்களுக்கு ஒரு பாத்திஹா ஓதுங்கள். பிள்ளைகளுக்கும் அவர்களுடைய கதையைச் சொல்லுங்கள். அதற்குக் காசும் வேண்டாம், பெற்றோலும் வேண்டாம்.