மூன்று நீர்களுக்கு நடுவே மணலி

வடசென்னையில் மணலியை அறியாதார் இல்லை. ஆயினும் அவ்வூரைப் பார்ப்பதற்கென்றே அங்குச் சென்றவர் மிகச் சிலரே. இரவு வேளையில் புகைபோக்கியின் உச்சியில் எரியும் சுடரைத் தொலைவிலிருந்து கண்டு, "அதோ மணலி" என்று பிள்ளைகளுக்குச் சுட்டிக்காட்டுவதோடு நம்மில் பலருடைய அறிமுகம் முடிந்துவிடுகிறது. மழைக்காலம் ஓய்ந்த பின்னர் ஒரு ஞாயிறன்று, காலைத் திருப்பலி முடிந்ததும், கட்டுச்சோற்றுடன் குடும்பமாகப் புறப்பட்டு அவ்வூரைச் சுற்றி வந்தோம்.

திருவொற்றியூரிலிருந்து மேற்கே செல்லும் சாலை இருப்புப் பாதையையும் பக்கிங்காம் கால்வாயையும் கடந்து சாத்தாங்காட்டை அடைகிறது. இன்று இரும்புச் சந்தையால் பெயர்பெற்றுள்ள இச்சாத்தாங்காடு, சரித்திரத்தில் ஓர் எல்லைக்கல். 1708-ஆம் ஆண்டு திருவொற்றியூர், நுங்கம்பாக்கம், வியாசர்பாடி, கத்திவாக்கம், சாத்தாங்காடு என்னும் ஐந்து ஊர்கள் கிழக்கிந்தியக் கம்பெனியாருக்கு வழங்கப்பட்டன. அடுத்திருந்த மணலி அந்தப் பட்டியலில் இல்லை. 1763-இல் செங்கற்பட்டுச் சீமை ஜாகீராகக் கம்பெனியார் கைக்குச் சென்ற காலம்வரை அவர்களது ஆட்சி மணலியின் வாசலோடு நின்றிருந்தது எனலாம்.

ஆனால் கம்பெனியார் மணலிக்கு வருமுன்னரே மணலி அவர்களிடம் சென்றுவிட்டது! கவர்னர் பிகட் துரையின் துபாஷியாக விளங்கிய முத்துக்கிருஷ்ண முதலியார் தம் பெயருக்கு முன் 'மணலி' என்னும் ஊர்ப்பெயரைத் தாங்கியவர். கோட்டையின் பாதுகாப்புக்கென்று கம்பெனியார் இடித்துவிட்ட சென்னக் கேசவப் பெருமாள் கோயிலைப் பூக்கடைப் பகுதியில் மீண்டும் எழுப்புவதில் முன்னின்றவர் இவரே. இராம நாடகக் கீர்த்தனை பாடிய அருணாசலக் கவிராயரை ஆதரித்த பெருமையும் இவருக்கு உண்டு. சங்கீதம் பயிலும் நம் வீட்டுப் பிள்ளைகள் அக்கீர்த்தனைகளைக் கற்கும்போது, எண்ணெய் ஆலையால் மட்டுமே நாம் அறிந்த ஊரின் பெயரும் அவற்றுடன் சேர்ந்து வருகிறது என்பதை நினைப்பாரோ!

ஊரின் பெயரிலேயே மணல் இருக்கிறது. கொசஸ்தலையாறும் ஆரணியாறும் நெடுங்காலமாகக் கொணர்ந்து குவித்த மணலும் வண்டலுமே இச்சமவெளி. மணலின் அடியில் நல்ல நீர் தங்கும். அதனால் ஏரியும் கழனியும் சேர்ந்த ஊராக மணலி வாழ்ந்தது. மணலி, மாத்தூர், வைக்காடு, ஆமுல்லைவாயல், கொசப்பூர் என்று சுற்றியுள்ள ஊர்ப்பெயர்களைச் சொல்லிப் பார்த்தாலே பழைய நாட்டுப்புறம் கண்முன் நிற்கும்.

மேடு என்று சொல்லத்தக்கது இங்கு ஒன்றுமில்லை. வடக்கே கொசஸ்தலையாறு, பூண்டி நீர்த்தேக்கத்தின் மிகுநீரையும் அதுவே சுமந்து வருகிறது. மேற்கிலிருந்து புழல் ஏரியின் உபரிநீர்க் கால்வாய் வடபெரும்பாக்கம், கொசப்பூர் வழியாக மணலியைக் கடந்து சடையங்குப்பத்தருகே செல்கிறது. கிழக்கே, 1801-இல் காக்ரேன் என்னும் ஆங்கிலேயர் தம் சொந்த முயற்சியாகத் தொடங்கிய கால்வாய். உப்பும் விறகும் நெல்லும் ஏற்றிய படகுகள் ஒரு காலத்தில் அதில் சென்றன. 1837-இல் அரசாங்கம் அதனை ஏற்றது. 1877-78 பஞ்சத்தில் பசித்த மக்கள் மண் சுமந்து நீட்டித்த பின்னரே பக்கிங்காம் என்னும் பெயர் வந்தது. இம்மூன்று நீர்களுக்கும் கடலைச் சேர எண்ணூர்க் கழிமுகமே வாயில். மணலியைப் புரிந்துகொள்ள விரும்புவோர் இந்த ஒரு செய்தியை மறவாதிருத்தல் வேண்டும்.

இத்தகைய தாழ்நிலத்தில்தான் பெருந்தொழில்கள் வந்தன. இந்திய அரசும், அமெரிக்க அமோகோ நிறுவனமும், ஈரானின் தேசிய எண்ணெய் நிறுவனமும் கூட்டாக 1965-இல் அமைத்த சென்னை எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை 1969-இல் இயங்கத் தொடங்கியது. அப்போது அதன் ஆற்றல் ஆண்டுக்கு 25 லட்சம் டன். இன்று 105 லட்சம் டன். ஆலையின் நாப்தாவைக் கொண்டு உரம் செய்ய அருகிலேயே உரத் தொழிற்சாலை 1971-இல் உற்பத்தியைத் தொடங்கியது. எத்தனையோ குடும்பங்களில் அடுப்பெரிந்ததும், பிள்ளைகள் பட்டம் பெற்றதும் இந்த ஊதியத்தால்தான். அதை மறைப்பது நன்றியன்று.

கொடுத்த விலையையும் சொல்லவேண்டும். ஆலைகளுக்காகவும் நகரத்துக்காகவும் மீஞ்சூர்ப் பகுதிக் கிணறுகளிலிருந்து நீர் இறைக்க இறைக்க, மணலுக்கடியில் கடல்நீர் உள்ளே புகுந்தது. பின்னர் ஆலைகள் நகரத்தின் கழிவுநீரைத் தூய்மை செய்து பயன்படுத்தவும், கடல்நீரைக் குடிநீராக்கவும் கற்றன. உப்பேறிய கிணறுகள் அதற்காகத் திரும்பி இனிக்கவில்லை. 2009-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கணித்த மாசுக் குறியீட்டில் மணலி 76.32 பெற்று, மிகக் கடுமையாக மாசடைந்த பகுதிகளுள் ஒன்றாயிற்று.

மணலியைக் கடந்து பொன்னேரிச் சாலையில் சென்றால் மணலி புதுநகர். தென்மாவட்டங்களிலிருந்து பிழைக்க வந்தோர் இங்கு மிகுதி. அவர்கள் எழுப்பிய அய்யா வைகுண்டர் தர்மபதியின் திருவிழாவுக்குப் பெருங்கூட்டம் திரளும். கிழக்கே திரும்பினால் சடையங்குப்பமும் பர்மா நகரும். 1962-இல் பர்மாவில் இராணுவ ஆட்சி ஏற்பட்டபின் கடையும் நிலமும் இழந்து கப்பலேறிய தமிழர்களுக்குக் கிடைத்த இடம் இந்த ஆற்றோரம். ஒரு முறை அனைத்தையும் இழந்தவர்களை, நீர் வரும் வழியில் குடியமர்த்தியது எந்தக் கணக்கோ, நமக்கு விளங்கவில்லை.

2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் இப்பகுதி வெள்ளத்தில் மூழ்கியது. பின்னதில் நீர் மட்டும் வரவில்லை. தொழில் வளாகத்திலிருந்து வெளியேறிய எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியே கழிமுகம்வரை பரவி வீட்டுச் சுவர்களிலும், படகுகளிலும், வலைகளிலும் அப்பியது. காட்டுக்குப்பம், தாழங்குப்பம், நெட்டுக்குப்பம் மீனவர் தொழிலின்றி நின்றனர். ஏற்கெனவே அனல் மின் நிலையச் சாம்பல் படிந்து ஆறு மேடிட்டிருந்தது. வாயில் குறுகினால் மூன்று நீர்களும் எங்கே போகும்? 2011 முதல் மணலி சென்னை மாநகராட்சியின் இரண்டாம் மண்டலம். சாலை உயர்ந்தது, விளக்கு வந்தது, ஆனால் இக்கேள்வி அப்படியே நிற்கிறது.

ஆற்றோரத்துத் தெருவொன்றில் ஒரு மூதாட்டி நமக்குத் தண்ணீர் தந்தார். குடம் வாங்கிய தண்ணீர் என்றும், கிணற்று நீரைப் பாத்திரம் கழுவக்கூடத் தாம் எடுப்பதில்லை என்றும் கூறினார். மழை பெருத்தால் புழலைத் திறந்தார்களா, பூண்டியைத் திறந்தார்களா என்று வானொலியைக் கேட்டுவிட்டே உறங்கப்போவதாகவும் சொன்னார். அவர் வீட்டுச் சுவரில் கருங்கோடு ஒன்று படிந்திருந்தது. நம் இளைய மகன் அதன் அருகே நின்று அளந்து பார்த்தான். கோடு அவன் தோளுக்கு மேலே இருந்தது.